ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் போனால் வாடகை கிடையாது

பயப்படாதீங்க தம்பி. திருடனாக இருந்தால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டா இருப்பேன்? பூட்டெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சாவியும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பின்கதவு இருக்கிறதே, இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இடுப்பால் ஒரு இடி கொடுத்தால் தாழ்ப்பாள் தானாகக் கழன்றுவிடும். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும் தெரியும். வாடகை கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதானே.

பையை அந்த மூலையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். இந்தப் பக்கம் வையுங்கள். ஆங்.

என் பெயர் தீத்தாரப்பன். குற்றாலத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் காறித் துப்புவார்கள், தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். போன வருஷம் சீசன் வரைக்கும் இந்த அறை என்னுடையது. மாடிப்படிக்கு அடியில் இருப்பதால் ஒரு பக்கம் தலை குனிந்துதான் நடக்க வேண்டும், பார்த்தீர்கள் அல்லவா? என் முதுகு வளைந்தது வயசால் இல்லை, இந்த அறையால். இப்போது நீங்கள் ஃபோனைத் தட்டி எடுத்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு நியாயத் தீர்ப்பில்தான் இந்த அறை என் கையை விட்டுப் போனது. தீர்ப்புச் சொன்னது யார் என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? சரி, நானே சொல்கிறேன். நான்தான்.

உட்காருங்கள். மழை விடுகிறமாதிரி தெரியவில்லை. எங்கே போகப் போகிறீர்கள்.

என் தொழில் வாடகைப் பஞ்சாயத்து. இந்தத் தெருவில் இப்போது வீடு என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் ஸ்டே. நேற்றுவரை கோழி அடைத்த இடத்துக்கு வெள்ளையடித்து, ஜன்னலில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, 'அருவிச் சாரல் இல்லம்' என்று ஃபோனில் போட்டுவிடுகிறார்கள். கோழிக்கு மட்டும்தான் தகவல் சொல்வதில்லை. அது பாட்டுக்குச் சாயங்காலம் வந்து கட்டிலில் ஏறும். வருகிறவன் ஃபோனில் ஒரு விலையைப் பார்த்துவிட்டு வருவான். வீட்டுக்காரன் வாசலில் நின்று இன்னொரு விலை சொல்வான். ஏசிக்குத் தனி, வெந்நீருக்குத் தனி, கூட ஒரு மாமியார் இறங்கினால் அதற்குத் தனி. அப்புறம் என்ன, குரல் ஏறும். குரல் ஏறினால் நான் போய் நின்றுவிடுவேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுகிறவரை காத்திருந்து போகிறவன் நியாயஸ்தனா? கூலி, பக்கத்துக்கு ஒரு டீ. ஒரு பக்கத்து டீயை மட்டும் குடித்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்று இரண்டு பக்கமும் குடிப்பேன்.

குற்றாலநாதருக்குத் தைலம் சாத்துகிறார்கள், தெரியுமா? சாமிக்குத் தலைவலியாம். அகத்தியர் தலையில் கை வைத்து அமுக்கியதால் வந்தது என்பார்கள். சும்மா. கோயிலைச் சுற்றி இத்தனை பேர் வாடகைச் சண்டை போட்டால் எந்தச் சாமிக்குத் தலை வலிக்காது?

ஒரு தடவை ஐந்தருவிப் பக்கம் மாசிலாமணி என்று ஒருத்தன், அவனுடைய ஃபோனைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மரத்தில் உட்கார்ந்து அது பாட்டுக்குத் தடவ, வாடகை தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதே நிமிஷம் திண்டுக்கல்லில் ஒருத்தன் புக் பண்ணிவிட்டான். வந்து இறங்கியதும் சண்டை. 'அது குரங்கு வச்ச வெல வே' என்கிறான் இவன். 'ஃபோன்ல குரங்குன்னு போடலையே, உம்ம போட்டோதானே இருந்துச்சு' என்கிறான் அவன். நான் என்ன சொன்னேன்? விலையை வைத்தவர் சம்மதித்தால்தான் விலையை மாற்ற முடியும், கூட்டிக்கொண்டு வாருங்கள் அந்தக் குரங்கை என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு காட்டுக்குள் போனார்கள். இருட்டுகிற நேரத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். குரங்கு கிடைக்கவில்லை. பசியில் பழத்தை அவர்களே தின்றிருந்தார்கள். வாடகையும் வழியிலேயே பேசி முடிந்திருந்தது. என் வழி அதுதான். இரண்டு பேரையும் ஓய வைத்துவிட்டால் நியாயம் தானாக வந்து காலடியில் உட்காரும்.

சரி, உலகம்மாளுக்கு வருவோம். இந்த வீட்டுக்காரி. உங்களிடம் சாவி கொடுத்தாளே, சிரிக்காமல், அவள்தான். அவள் புருஷன் சிவசுப்பு என் கூட்டாளி. நான் வேலை பார்த்த லாட்ஜை இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்டியபோது சிவசுப்புதான், 'ஒரு இடம் பாக்குற வரைக்கும் இங்க கெடயும் வே' என்று இந்த அறையைத் திறந்துவிட்டான். பிறகு அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் இன்னும் இடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவசரப்பட்டு ஒரு வீட்டை எடுத்துவிட்டு அவதிப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் இல்லையா, அதனால் நிதானமாகத்தான் பார்ப்பேன்.

மாடியை உலகம்மாள் வாடகைக்கு விடுகிறாள். சீசனில் வருகிறதுதான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு. மகள் காந்திமதி பெங்களூரில் இருந்துகொண்டு ஃபோனில் விலை போடுவாள். தப்பு அங்கேதான். அந்தப் பிள்ளை காலண்டரைப் பார்த்து, ஆனி ஒன்றாம் தேதியிலிருந்து சீசன் விலை என்று போட்டுவிட்டது. குற்றாலத்தில் காலண்டரைப் பார்த்து எவனாவது வாடகை வைப்பானா? காலையில் எழுந்து அருவியைப் பார்க்கணும். தண்ணீர் விழுந்தால் சீசன். விழாவிட்டால் ஆனியும் இல்லை, ஆடியும் இல்லை, வெறும் பாறைதான். லாட்ஜ் காலத்திலிருந்து ஊர்ப் பழக்கம் இது. போன வருஷம் சாரல் வைகாசியிலேயே வந்துவிட்டது. காலண்டர் சாரலிடம் போய்ச் சொல்லுமா, கொஞ்சம் பொறு என்று?

சாரல் விழுந்த கையோடு அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. இன்பசேகரன் என்று ஒருத்தர், வாயைத் திறக்காத மனுஷன். அவர் பெண்சாதி ரத்தினமாலா. அவருக்கும் சேர்த்து அவள்தான் திறப்பாள். புடவைக் கடை நடத்துகிறவள், பேரம் அவளுக்கு மூச்சு விடுகிறமாதிரி. கூட இரண்டு பிள்ளைகள். சீசனுக்கு முந்தின விலையில், குறைச்சலுக்கு, எப்போதோ புக் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

உலகம்மாள் வாசலை மறித்துக்கொண்டாள். 'ஃபோன்ல போட்டது பழைய வெலைம்மா. சாரல் வந்துட்டுல்லா, இனி சீசன் வெலைதான்.'

'கன்ஃபார்ம்னு வந்திருக்கே, பாருங்க.'

'ஃபோனுக்கு என்ன தெரியும், மழ பெஞ்சதா பெய்யலையான்னு?'

'உங்க மகளுக்குத் தெரியும்ல?'

'அவ பெங்களூர்ல இருக்கா. அங்க ஏது அருவி.'

'அப்ப நான் ஒத்த ஸ்டார் போட்டுட்டு வேற எடம் பாக்குறேன்.'

அந்த ஸ்டார் இருக்கிறதே, அது பொல்லாதது. வானத்தில் இருக்கிறதுகூட மனுஷனை அவ்வளவு ஆட்டாது. ஒற்றை ஸ்டார் விழுந்தால் அப்புறம் சீசன் முடிகிறவரை மாடியில் பல்லிதான் குடியிருக்கும். உலகம்மாள் முகம் சுண்டிப்போய்விட்டது. நான் அதற்குள் போய் நின்றுவிட்டேன்.

'இதுல அடிச்சுக்கிட என்ன இருக்கு? வெலைய அருவி வைக்கட்டும். தெனமும் காலைல நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதேன். நல்லா விழுந்தா சீசன் வாடகை. நூல் மாதிரி விழுந்தா ஃபோன்ல போட்ட வாடகை.'

இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ரத்தினமாலா ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசிக்கிற பெண்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

'தண்ணி கூடிப்போயி, போலீஸ் குளிக்க விடலைன்னா?'

உங்களுக்குத் தெரியாது இல்லையா, பேரருவியில் ஒரு ஆர்ச் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் அபாயம். விசில் அடித்து எல்லாரையும் விரட்டிவிடுவார்கள். ஆனால் வைகாசியில் ஆர்ச்சைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிட்டேன். 'ஆர்ச்சுக்கு மேல போனா அன்னைக்கு வாடகையே கிடையாது. குளிக்க வந்த ஊர்ல குளிக்க முடியலைன்னா எதுக்கு வாடகை?'

உலகம்மாள் என் காதில், 'வைகாசில எங்க தாண்டப் போவுது, சரின்னே சொல்லுங்க அண்ணாச்சி' என்றாள். இரண்டு டீயும் குடித்தேன்.

அன்றைக்கு ராத்திரி பிடித்தது பாருங்கள் மழை. மழையா அது? பொதிகை மலையை யாரோ தலைகீழாகப் பிடித்து உதறின மாதிரி. விடிந்து போய்ப் பார்த்தால் ஆர்ச்சைக் காணோம். ஒரு தேக்குமரம் வேரோடு வந்து இறங்கி, அவுட்போஸ்ட் வாசலில் நின்று தென்காசிக்கு வழி கேட்கிறது. போலீஸ்காரர் அருவியைப் பார்த்து விசில் அடிக்கிறார், அது ஒதுங்குவேனா என்கிறது. நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மிச்சமே உங்களுக்குப் போதும்.

முதல் நாள் வாடகை போச்சு. மறுநாளும் தாண்டியது. அதற்கு மறுநாளும். அருப்புக்கோட்டைக்காரர்கள் மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அருவியில் குளிக்க முடியாத குறைக்கு ஆளுக்கு இரண்டு வேளை வெந்நீர். பிள்ளைகளுக்குப் பஜ்ஜி. சும்மா தங்குகிற இடத்தை விட்டு எவன் மழையில் கிளம்புவான்? உலகம்மாள் ஒவ்வொரு தவலை வெந்நீரைத் தூக்கும்போதும் இந்தக் கதவைப் பார்ப்பாள். 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது.

'வேய் அண்ணாச்சி, உம்ம நியாயத்த எடுத்து அடுப்புல வச்சிருந்தா வெறகாவது மிஞ்சியிருக்கும்.'

'அருவி வச்ச வெல உலகம்மா. நான் என்ன செய்ய?'

'மாடி காலியானாத்தான் அடுத்த ஆளு வரும். இதுக போகாது. போங்கன்னு சொன்னா ஸ்டார போட்ரும். ஆவணி தாண்டினா எனக்கு யாரு இருக்கா? நீரா தருவீரு?'

பெண்கள் அடுப்புக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது, கையில் எப்போதும் ஏதாவது சூடாக இருக்கும்.

ரத்தினமாலா கெட்டவள் இல்லை, அதையும் சொல்லணும். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அவளே இறங்கி வந்து, 'அக்கா, குளிக்காததுக்குத் தரமாட்டேன். ஆனா தங்கினதுக்குத் தராமப் போக மனசு வரல. வீட்ட ஒரு சுத்து பாத்துட்டு என்ன தகும்னு நானே சொல்றேன்' என்றாள். புடவையை விரித்துப் பார்க்கிறமாதிரி வீட்டை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாடி, சமையல்கட்டு, கிணற்றடி. கடைசியில் இங்கே. நான் பாயில் சாய்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். போய் உலகம்மாளிடம் என்னவோ குசுகுசுத்துவிட்டு, கையில் ஒரு டீயோடு திரும்பி வந்தாள்.

'பெரியவரே, ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் சொல்லணும்.'

தம்பி, இத்தனை வருஷத்தில் ஒருத்தர் தானாக என்னைத் தேடி வந்து, டீயையும் முன்னாலேயே கொடுத்து, நீங்கதான் சொல்லணும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து உட்கார்ந்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

'ஒரு வீட்டம்மா. பாவப்பட்டவங்க. அவங்க வீட்ல ஒரு ஆளு. ஃபோன்லயும் புக் பண்ணல, நேர்லயும் பேசல. அருவி விழுந்தாலும் வாடகை கெடையாது, விழாட்டாலும் கெடையாது. பல வருஷமா அப்படியே இருக்காரு. அவருக்கு என்ன தீர்ப்பு?'

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. 'அதெப்படி இருக்கலாம்? அவன் மனுஷந்தானா? சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கானா? இன்னைக்கே பாயச் சுருட்டணும். அந்த ரூம வாடகைக்கு விட்டு அந்த அம்மா நாலு காசு பாக்கட்டும்.'

'சரியா சொன்னீங்க' என்றாள். இன்பசேகரன், வாயே திறக்காத மனுஷன், மாடிப்படியில் நின்று ஒரு தடவை கனைத்தார். உலகம்மாள் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். அப்போதுதான், டீயின் கடைசி மடக்கில், எனக்கு விஷயம் தட்டுப்பட்டது.

வேறு ஒருத்தனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? அது வேறே, இது வேறே என்று வழவழத்திருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. சொன்ன தீர்ப்பை மாற்றினால் நாளைக்கு எவன் எனக்கு டீ கொடுப்பான்? எழுந்து பாயைச் சுருட்டினேன்.

'வேண்டாம்மா, விட்ருங்க. எங்க வீட்டுக்காரர் கூட்டாளி அவரு' என்று உலகம்மாள் ரத்தினமாலாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி தெருவில் இறங்கிவிட்டேன். தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்லி, தானே நிறைவேற்றிய ஆள் இந்த ஜில்லாவில் வேறு இருந்தால் காட்டுங்கள்.

ரத்தினமாலா ஃபோனில் போட்டிருந்த வாடகையைக் கொடுத்தாள். ஐந்து ஸ்டாரும் போட்டாள். காந்திமதியிடம் பேசி, இந்த அறையைப் படம் பிடித்து அனுப்பி, இதையும் வாடகைக்கு ஏற்றிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். படத்தில் இந்தச் சாய்ந்த கூரைகூட அழகாகத்தான் தெரிந்ததாம்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். காற்றாட இருந்தது. மூன்று பக்கமும் சாரல் அடிக்கும், நாலாவது பக்கம் நாய் படுத்திருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் உலகம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். 'சோறு ஆறுது, வாங்க அண்ணாச்சி' என்றாள். 'நீரு' போய் மறுபடி மரியாதை வந்திருந்தது. 'தீர்ப்பு தீர்ப்புதான் உலகம்மா' என்றேன். 'நான் சோத்தத்தானே சொன்னேன்' என்றாள். சோற்றைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போனேன்.

பிறகு இந்த அறைக்கு வெள்ளையடித்தாள். கட்டில் வாங்கிப் போட்டாள். இங்கேதான் தம்பி நீங்கள் கவனிக்கணும், அவளுடைய வியாபார மூளை எப்படி என்று. ஃபோனில் என்ன போட்டிருக்கிறாள், பார்த்தீர்கள் அல்லவா? தனியாக வரும் ஆண்களுக்கு மட்டும். சரி. தனியாக வருகிறவனுக்கு எத்தனை கட்டில் வேண்டும்? எண்ணிப் பாருங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. காந்திமதி பெங்களூரிலிருந்து கத்துகிறாள், 'ஒரே பெரிய கட்டிலா போடும்மா, புருஷன் பொண்டாட்டியா வருவாங்க, ரெண்டு மடங்கு கெடைக்கும்' என்று. அம்மாக்காரி வாசலில் நின்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் தெருவுக்கே கேட்கும், எனக்குக் கேட்காதா? உலகம்மாள் என்ன சொன்னாள்? 'கெடக்கட்டும்டீ.' அவ்வளவுதான். பிடிவாதக்காரி. படித்த பிள்ளை சொல்வதைக் கேட்கிறாளா?

ஒரு ஆளிடம் இரண்டு கட்டில் வாடகை வாங்கினால் தகராறு வருமா வராதா? வரும். உங்களுக்கே இப்போது உள்ளுக்குள் பொருமலாகத்தான் இருக்கும். அதற்கும் நான் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறேன். கட்டில் சும்மா கிடந்தால்தான் நீங்கள் தண்டம் அழுத மாதிரி. யாராவது படுத்தால் தண்டம் இல்லை, சரியாகப் போச்சு. அதற்காகவே, வருகிறவர்கள் நஷ்டப்படக் கூடாதே என்று, போன ஆனியிலிருந்து நானே வந்து படுத்துக்கொடுக்கிறேன். இதுவரை ஒருத்தரும் வாடகை அதிகம் என்று வாயைத் திறந்ததில்லை. நான் பேசி முடிக்கிற நேரத்தில் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

உலகம்மாளுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவளுக்கு மானக்கேடு, தன் கணக்கு தப்பு என்று ஆகிவிடும். நீங்களும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சரி, மழை பாட்டுக்குப் பெய்யட்டும், கொஞ்சம் கண் அசரலாம். நீங்கள் சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஜன்னல் பக்கம்தான் தூக்கம் பிடிக்கும். அந்தப் போர்வையை மட்டும் இப்படி எடுத்துப் போடுங்கள். உங்களுடையது இல்லை, அந்த நீலம். பார்த்தீர்களா கூத்தை? யாருமே படுக்காத கட்டிலுக்கு இன்றைக்கும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.